சோறு இல்லாமல் சதை ஏறுமா? பேலியோவில் இருந்துகொண்டு எடை தூக்குபவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். வயது 34. ஐந்து மாதமாகப் பேலியோ, அதாவது அரிசி, கோதுமை எல்லாம் விட்டு, முட்டை, கறி, பாதாம், பனீர், காய்கறி சாப்பிடும் குறைமாவு உணவுமுறை. 91 கிலோவில் இருந்து 78க்கு வந்துவிட்டீர்கள். கடைசி மூன்று மாதமாக ஜிம்முக்கும் போகிறீர்கள். ஆனால் சட்டைக் கை தொளதொளவென்று ஆகிவிட்டது. பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே எடை தூக்குவது) 50 கிலோவிலேயே நிற்கிறது. முதல் செட்டில், அதாவது முதல் சுற்றில், பத்து முறை தூக்கும் எடையை மூன்றாவது செட்டில் ஐந்து முறை தூக்குவதற்குள் கை நடுங்குகிறது. ஜிம்மில் இருக்கும் மெஷின் தசை 3 கிலோ குறைந்துவிட்டதாகச் சீட்டு அடித்துக் கொடுத்திருக்கிறது. பயிற்சியாளர் "சோறு சாப்பிடாமல் சதை ஏறாது" என்கிறார். பேலியோ நண்பர்கள் "உடம்பு கொழுப்புக்குப் பழகட்டும், பொறுங்கள்" என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. இதற்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. கஷ்டப்பட்டு 13 கிலோ குறைத்தேனே, குறைந்தது கொழுப்பா, தசையா என்ற பயம்தான் அது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் உணவியல் படித்தவன். பதினாறு வருடமாகக் கோவையில் விளையாட்டு வீரர்களுக்கும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் சாப்பாட்டுத் திட்டம் போட்டுக் கொடுத்து வருகிறேன். மருத்துவர் அல்ல. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பார்த்ததில்லை. பேலியோ தமிழ்நாட்டில் பரவியபோது என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். அதனால் நானே நான்கு மாதம் மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 40 கிராமுக்குள் வைத்துக்கொண்டு, தூக்கிய எடைகளை நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 3 கிலோ. கையிலும் காலிலும் உலோகத் தகடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மெஷின்தானே? அது தசையை அளப்பதில்லை. உடம்பு வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எவ்வளவு தடை வருகிறது என்பதை வைத்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஊகிக்கிறது. அந்தத் தண்ணீர்க் கணக்கை வைத்துத்தான் தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று சீட்டு அடிக்கிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தைத் தசை கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. சராசரி ஆணின் தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தினால் கிளைகோஜன் குறையும், அதோடு அந்தத் தண்ணீரும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும், அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். ஆக ஒரு இழை தசை கூடக் கரையாமலேயே ஒன்றரை, இரண்டு கிலோ "தசை" அந்தச் சீட்டில் காணாமல் போகலாம். கை தொளதொளவென்று ஆனதற்கும் ஒரு பகுதிக் காரணம் இதுதான். மீதிக்கு, 91 கிலோவில் உங்கள் கையைப் பருமனாகக் காட்டியதே தோலுக்கடியில் இருந்த கொழுப்புதான்.

அதற்காகத் தசை கொஞ்சமும் போகவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) மூன்று மாதத்தில் 60இல் இருந்து 85 கிலோவுக்கு ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறி. ஆனால் புதிதாக எடை தூக்க ஆரம்பிப்பவருக்கு முதல் சில மாதங்களில் ஏறும் பலத்தில் பெரும்பகுதி நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை வளராமலும் அது ஏறும். ஆகவே ஸ்குவாட்டை மட்டும் சாட்சியாக வைத்து முடிவுக்கு வர முடியாது. எனக்குக் கவலை தருவது உங்கள் தட்டுதான்.

காலையில் 100 பாதாம், ஒரு பட்டர் டீ. மதியம் மூன்று முட்டை, தேங்காய் போட்ட முட்டைக்கோஸ் பொரியல். இரவு 150 கிராம் பனீர். கறி, மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 பாதாம் சுமார் 120 கிராம் எடை இருக்கும். அதில் 25 கிராம் புரதம், 60 கிராம் கொழுப்பு, 700 கலோரி. மூன்று முட்டையில் 18 கிராம் புரதம். பனீரில் சுமார் 27. காய்கறியில் ஒரு நாலைந்து. பட்டர் டீயில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மொத்தம் 75 கிராம். அந்தப் பாதாமின் 25 கிராமும் முட்டையின் 25 கிராமுக்கு ஈடாகாது, பாதாமில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018இல் வந்தது. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை கூட்டக் கூட்டப் பலன் தெரிந்தது, அதற்கு மேல் பெரிய லாபம் தெரியவில்லை. உங்களுக்கு அது 125 கிராம். தினமும் 50 கிராம் பள்ளம் விழுகிறது. அப்புறம் மொத்தக் கலோரி 1800ஐத் தாண்டாது. உங்கள் எடைக்கும் உழைப்புக்கும் 2400 பக்கம் வேண்டும். எடை குறைந்ததற்குக் காரணமும் இந்த 600 கலோரி இடைவெளிதான். புரதமும் போதாமல், கலோரியும் போதாமல் இருந்தால், மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவருக்குக் கூடச் சதை ஏறாது.

பேலியோவில் இருக்கும் பலரிடம் நான் பார்த்த பெரிய தவறு இதுதான். மாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கொழுப்பால் நிரப்பிவிடுகிறார்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எல்லாம் வயிற்றை நிறைக்கும், பசியை அடக்கும். எடை குறைப்பதற்கு அது உதவும். ஆனால் தசைக்கான செங்கல் புரதம்தான். அது வேறு எந்த வழியிலும் வராது.

சரி, மூன்றாவது செட்டுக்கு வருவோம். பத்து முறை தூக்கும் ஒரு செட் 30இல் இருந்து 45 வினாடி எடுக்கும். முதல் பத்து வினாடிக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள் போதும். அதற்கு மேல் அந்த வேகத்துக்கு ஆற்றல் கொடுக்கக்கூடியது கிளைகோஜன். கொழுப்பு நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், எரிவதற்கு ஆக்சிஜனும் அதிகம் கேட்கும். ஒரே ஒரு முறை தூக்கும் அதிகபட்ச எடை ஐந்தாறு வினாடியில் முடிந்துவிடுவதால் அது பாதிக்கப்படுவதில்லை. இடைவெளி குறைவாக விட்டு, ஒரே தசைக்கு அடுத்தடுத்து நாலைந்து செட் போகும்போது கிளைகோஜன் குறைவு வெளியே தெரியும். என் நோட்டிலும் இதுதான் இருந்தது. டெட்லிப்டில் (தரையில் இருக்கும் எடையை நிமிர்ந்து தூக்குவது) ஒரு முறை தூக்கும் எடை நான்கு மாதமும் 140 கிலோவிலேயே இருந்தது. ஆனால் 100 கிலோவில் எட்டு முறை வீதம் ஐந்து செட் போட்டுக்கொண்டிருந்தவன், நான்காவது செட்டில் ஆறு, ஐந்தாவதில் நான்கு என்று இறங்கினேன். முதல் மூன்று வாரம் இன்னும் மோசம், பிறகு கொஞ்சம் தேறியது. பழைய நிலைக்கு வரவே இல்லை.

"பழகிவிட்டால் சரியாகும்" என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, பாதி உண்மை. 1983இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபின்னி என்ற ஆய்வாளர் ஐந்து பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை நான்கு வாரம் மாவுச்சத்து 20 கிராமுக்குள் வைத்துச் சோதித்தார். நிதானமான வேகத்தில் களைத்துப்போகும் வரை ஓட்டச் சொன்னார். முன்பு சராசரி 147 நிமிடம், பின்பு 151 நிமிடம். பெரும்பாலும் கொழுப்பை நம்பியே இரண்டரை மணி நேரம் ஓட்ட முடியும் என்பது நிரூபணமானது. குறைமாவு ஆதரவாளர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடித்தது ஒரே ஒரு வீரரின் பெரிய முன்னேற்றம், மற்றவர்களில் சிலருக்கு நேரம் குறைந்தது. அதைவிட முக்கியம், அது நிதான வேகம். போட்டி வேகத்தில் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

போட்டி வேகத்துக்கான பதில் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. லூயிஸ் பர்க் என்ற ஆய்வாளர் கான்பெராவில் உலகத் தரத்து நடைப்போட்டி வீரர்களைச் சுமார் மூன்று வாரம் ஒன்றாகத் தங்கவைத்து, ஒரே மாதிரிக் கடும் பயிற்சி கொடுத்து, உணவை மட்டும் மாற்றிப் பார்த்தார். 2017இல் வெளியான முடிவு இது: மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களின் 10 கிலோமீட்டர் நேரம் 6.6 சதவீதம் முன்னேறியது. குறைமாவு, நிறைகொழுப்பில் இருந்தவர்களின் நேரம் 1.6 சதவீதம் பின்னுக்குப் போனது. அந்த வீரர்களின் உடம்பு கொழுப்பை எரிப்பதில் அபாரமாகத் தேறியிருந்தது, நிமிடத்துக்கு ஒன்றரை கிராமுக்கு மேல். பயிற்சியால் அவர்களின் இதய, நுரையீரல் திறனும் கூடியிருந்தது. ஆனாலும் வேகம் கூடவில்லை, ஏனென்றால் அதே வேகத்தில் நடக்க முன்பைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்து சுமார் 5 கலோரி தரும், கொழுப்பு 4.7தான் தரும். ஆக்சிஜனுக்குத் திண்டாடும் வேகத்தில் அந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் போகாது. மூன்று வாரம் போதாது என்ற விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆனால் அதே குழு 2020இல் மறுபடி செய்து காட்டியபோதும் முடிவு மாறவில்லை.

இதை நான் நேரில் பார்த்தது ஒரு கபடி வீரரிடம். 23 வயதுப் பையன், ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். எடைப் பிரிவுக்குள் வருவதற்காக ஆறு வாரம் பேலியோ இருந்தான், நான்கு கிலோ குறைத்தான். ரெய்டு ஒன்று 30 வினாடி, பாதி ஆட்டம் 20 நிமிடம். முதல் பாதியில் அவன் காலைப் பிடிக்க ஆளில்லை. இரண்டாவது பாதியில் நடுக்கோட்டுக்குத் திரும்பும் கடைசி இரண்டு காலடி வரவில்லை, இரண்டு முறை கோட்டை எட்டும் நேரத்தில் சிக்கினான். "அண்ணே, மூச்சு இருக்குது, கால்தான் வரல" என்றான். அதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதை விளக்கியதில்லை. மதியம் சோறு, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு பூவன்பழம் என்று மாற்றினோம், புரதத்தைக் குறைக்கவில்லை. இரண்டு வாரத்தில் கால் வந்தது. எடையும் பிரிவுக்குள்ளேயே நின்றது.

இனி சதை ஏறும் விஷயம். உங்கள் பயிற்சியாளர் சொல்வது முழுக்கச் சரியல்ல. தசை வளர்வதற்கான முதல் தூண்டுதல் எடை தூக்குவது, அடுத்தது புரதம். போதுமான புரதம் உள்ளே போனபின் அதோடு மாவுச்சத்தைச் சேர்த்தாலும் புதிய தசைப் புரதம் உருவாகும் வேகம் கூடுவதில்லை என்று நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். இன்சுலின் இல்லாமல் தசை வளராது என்பார்கள். தேவைப்படும் அளவு இன்சுலின் குறைவுதான், ஒரு நல்ல புரத உணவே அதைச் சுரக்க வைக்கும். இத்தாலியில் 2012இல் தேசிய அளவிலான எட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களை 30 நாள் கீட்டோ உணவில், அதாவது மாவுச்சத்தை மிகமிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவில், வைத்தார்கள். அவர்களின் பலம் குறையவில்லை, தசையும் குறையவில்லை, கொழுப்பு மட்டும் சுமார் 2 கிலோ போனது. அவர்கள் சாப்பிட்ட புரதம் தாராளம் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இருக்கும் தசையைக் காப்பதற்குச் சோறு தேவையில்லை, சரி. புதிதாக ஏற்றுவதற்கு? இங்கேதான் பயிற்சியாளர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ஸ்பெயினில் 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி உள்ள ஆண்கள் எட்டு வாரம் எடை தூக்கினார்கள். கீட்டோ சாப்பிட்டவர்களுக்கும் மாவுச்சத்து சாப்பிட்டவர்களுக்கும் புரதம் ஒரே அளவு, கிலோவுக்கு 2 கிராம். கலோரியும் தேவைக்கு மேல் கொடுக்கத் திட்டமிட்டார்கள். மாவுச்சத்துக் குழுவுக்குக் கொழுப்பில்லாத எடை 1.3 கிலோ கூடியது, கீட்டோ குழுவுக்குக் கூடவில்லை, ஆனால் கொழுப்பு குறைந்தது. இதே மாதிரி முடிவு வேறு சில ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. காரணம் இரண்டு இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, கீட்டோவில் பசி அடங்கிவிடுவதால், தின்ன வேண்டிய அளவைத் தின்னவே முடிவதில்லை. இன்னொன்று, மூன்றாவது, நான்காவது செட்டில் தூக்கும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால், மாதக் கணக்கில் மொத்த வேலையும் குறைகிறது. இந்த இரண்டும் என் ஊகம்தான். அப்புறம், அளந்த 1.3 கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு கிளைகோஜனோடு வந்த தண்ணீர் என்பதும் சந்தேகத்துக்கு இடமானது. நான் மெஷினைப் பற்றிச் சொன்ன அதே சிக்கல் ஆய்வுக்கூடத்துக் கருவிகளுக்கும் ஓரளவு உண்டு. ஆய்வுகளில் பெரும்பாலானவை எட்டு, பன்னிரண்டு வாரம், பத்துப் பதினைந்து பேர், அதுவும் ஆண்கள். இரண்டு வருடம் குறைமாவில் இருந்துகொண்டு எடை தூக்கினால் என்ன ஆகும் என்று அடித்துச் சொல்ல இவை போதாது. இருபது மாதம் குறைமாவில் இருந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசையில், சோறு ரொட்டி சாப்பிடுகிறவர்களுக்குச் சமமான கிளைகோஜன் இருந்ததாக 2016இல் ஒரு ஆய்வு சொன்னது. அது உண்மையானால் என் நான்கு மாத நோட்டுக்கு எட்டாத ஏதோ ஒன்று நீண்டகாலப் பழக்கத்தில் நடக்கிறது. மற்ற ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தாததால் நான் அதை நம்பி யாருக்கும் திட்டம் போடுவதில்லை.

உங்களுக்கு என்ன சொல்வேன்? இன்னும் ஐந்தாறு கிலோ கொழுப்பு குறைய வேண்டும் என்றால் பேலியோவிலேயே இருங்கள், தட்டை மட்டும் மாற்றுங்கள். பாதாமை 30ஆகக் குறைத்து, பட்டர் டீயை விட்டுவிடுங்கள். காலையில் நான்கு முட்டை, மதியம் 200 கிராம் கோழி அல்லது மீன், இரவு 200 கிராம் பனீரோடு இரண்டு முட்டை. 125 கிராமைத் தொட்டுவிடலாம், கலோரியும் ஏறாது. ஞாயிறு மட்டும்தான் கறி என்பது வீட்டுப் பழக்கமாக இருந்தால் பாலில் இருந்து எடுக்கும் வே (whey) புரதப் பொடி ஒரு ஸ்கூப் உதவும். உப்பைக் குறைக்காதீர்கள். ஜிம்முக்கு முன்பு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ எலும்பு சூப்போ குடித்துப் பாருங்கள், அந்தக் கை நடுக்கம் பாதி குறைந்தாலும் ஆச்சரியமில்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற பொடி தினமும் 3 முதல் 5 கிராம், இது எந்த உணவுமுறையிலும் வேலை செய்யும். கறி குறைவாகச் சாப்பிடும் உங்களுக்குப் பலன் இன்னும் நன்றாகவே தெரியும். செட்டுகளுக்கு நடுவில் ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் விடுங்கள்.

எடை போதும், இனி சதைதான் வேண்டும் என்றால், அதே புரதத்தோடு நாளுக்கு 100 முதல் 150 கிராம் மாவுச்சத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பெரும்பகுதி பயிற்சியை ஒட்டி இருக்கட்டும். மதியம் 200 கிராம் சோற்றில் சுமார் 55 கிராம் வரும், ஜிம்முக்கு முன்பு 200 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 40. சோறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதல் வாரத்தில் எடை ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும், தயவுசெய்து பதறாதீர்கள். போன தண்ணீர்தான் திரும்பி வருகிறது. இந்த ஒரு வாரத்தில் பயந்து சோற்றை மறுபடி விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரை எதையாவது நீங்கள் சாப்பிடுவதாக எழுதவில்லை, ஆனால் இதைப் படிக்கும் யாராவது சாப்பிடலாம். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்கள் மாவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ இருந்தால், சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு, இது உயிரை எடுக்கக்கூடியது. மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நான் சொன்ன புரதம், கிரியேட்டின், உப்பு எதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். நீங்களும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஒல்லியாகி, நன்றாக உழைக்கும் சிலருக்குக் குறைமாவில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு மிக அதிகமாக ஏறுவதைப் பார்க்கிறோம்.

எந்த வழியில் போனாலும் அடுத்த எட்டு வாரம் அந்த மெஷின் பக்கம் போகாதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், மேல்கையையும் தொப்புளுக்கு நேராக இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் மூன்றாவது செட்டில் எத்தனை முறை வந்தது என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். இடுப்பு குறைந்து, கை அப்படியே இருந்து, மூன்றாவது செட் ஐந்தில் இருந்து ஏழுக்கு வந்திருந்தால் பேலியோவை மாற்ற வேண்டிய காரணமே உங்களுக்கு இல்லை. புரதமும் உப்பும் சரியாக இருந்தும் எட்டு வாரத்தில் அது ஐந்திலேயே நின்றால், சோற்றைக் கொண்டுவந்து இன்னொரு நான்கு வாரம் எழுதுங்கள். அந்த எண்களோடு வந்தால் நானும் உங்களுக்கு இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியும்.